இறுகின சில்லும் இளகின மருமகனும்

என்ன மருமோன், முகம் வாடிக் கிடக்கு? மாமி எல்லாம் சொன்னவ. கொட்டாஞ்சேனையிலை ஒரு ஒழுங்கைக்குள்ளை பழைய சிங்கர் மெசின் வாங்கினியாம். ஓட்டோவிலை கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தியாம். லிப்ட் பழுதாய்க் கிடந்த நாளாய்ப் பாத்து நாலாம் மாடிக்கு ஏத்தினியாம். இப்ப சில்லைப் பிடிச்சால் அசையுதில்லையாம். கெட்டிக்காரன்! கம்பசிலை இஞ்சினியரிங் படிச்ச பிள்ளையெண்டால் சும்மாவே? எங்கடை ஊரிலை மாடு வாங்கப் போறவன் கூட வாயைத் திறந்து பல்லைப் பாப்பான். நீ மெசினிலை இருந்த தங்கப் பூவைப் பாத்து வாங்கினனி.

"கடையிலை நல்லாய்ச் சுத்திச்சுது மாமா, ஒரு விரலாலை சுத்திக் காட்டினவர்" எண்டு சொல்லப் போறாய். சுத்தும் மோனே, ஏன் சுத்தாது? நீ வாறதுக்கு முன்னமே எண்ணெய்த் துளை எல்லாத்துக்கும் மண்ணெண்ணெய் விட்டிருப்பினம். உள்ளை காய்ஞ்சு பிசினாய்ப் போன பழைய எண்ணெய், மண்ணெண்ணெய் பட்டவுடனை கரைஞ்சு தண்ணியாகும். சில்லு பறக்கும். நீ காசை எண்ணிக் குடுத்திட்டு வீட்டை வந்து, மனுசியின்ரை பிறந்தநாளுக்குக் காட்டவெண்டு கட்டிலுக்குப் பின்னாலை சீலை போட்டு மூடி வைச்சனி. அதுக்குள்ளை மண்ணெண்ணெய் ஆவியாய்ப் போச்சு. கரைஞ்ச பிசின் இன்னும் மெல்லிய இடுக்குக்கெல்லாம் போய் இருந்து திரும்ப இறுகிச்சுது. மூக்கைக் கிட்டக் கொண்டு போய் ஒருக்கால் மணந்து பாத்திருந்தியெண்டால் தெரிஞ்சிருக்கும். மண்ணெண்ணெய் மணக்கிற பழைய மெசினை அண்டைக்கு வாங்கக் கூடாது. அடுத்த கிழமை வந்து பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு 155 பஸ்ஸிலை ஏறி வீட்டை வர வேண்டியதுதானே.

மனுசியிலை உள்ள அன்பாலை வாங்கினனி, எனக்கு விளங்குது. அந்த அன்புக் கதையை நம்பின ஆள் நீ மட்டுமில்லை. மெசினுகளிலை நம்பிக்கை இல்லாத காந்தியார், 1924இலை சிங்கர் மெசினுக்கு விலக்குக் குடுத்தவர். மனுசி கையாலை தைச்சுக் கஷ்டப்படுறதைப் பாக்கப் பொறுக்காமல் சிங்கர் அன்பாலை செய்த சாமான் எண்டு அவருக்கு ஒரு நினைப்பு. மூண்டு வருசத்தாலை, 1927இலை, அவர் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணமும் பாத்திட்டுப் போனவர். அங்கை ஆராவது ஒரு கிழவன் காதுக்குள்ளை உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐசக் சிங்கருக்கு ஒண்டுக்கு மேலை குடும்பம், பிள்ளையள் இருபதுக்கு மேலை. 1851இலை அந்தாள் காப்புரிமை எடுத்தது காசுக்கு. அன்பு எங்கை இருந்தது எண்டால், பங்காளி எட்வர்ட் கிளார்க் 1856இலை தொடங்கின தவணை முறையிலை: கொஞ்சத்தைக் கட்டிப்போட்டு மெசினைக் கொண்டு போ, மிச்சத்தை மாதா மாதம் தா. அந்த அன்பு 1877இலை இலங்கைக்கும் வந்து சேந்து, பேந்து எங்கடை பெட்டையளின்ரை சீதனப் பட்டியலிலை நகைக்குப் பக்கத்திலை இடம் பிடிச்சுக் குந்திக்கொண்டுது.

சரி, சில்லு இறுகினவுடனை என்ன செய்தனி? சொல்லாதை, நானே சொல்லுறன். முதல் ரெண்டு கையாலையும் பிடிச்சு முறுக்கினனி. பேந்து குறடு. அதுக்கும் அசையேல்லை எண்டவுடனை குசினிக்குள்ளை போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்திலை எடுத்தனி. குறடு கவ்வின அடையாளம் சில்லின்ரை விளிம்பிலை வரிசையாய்க் கிடக்கு, அதை மறைக்கேலாது. உந்தக் கைவேகம் உனக்குத் தேப்பன் வழியிலை வந்தது, எங்கடை பக்கத்தாலை இல்லை.

எல்லா இறுக்கமும் வருத்தமில்லை, மோனே. ஊரிலை பண்டிக் காவலுக்கு லைசன்ஸ் துவக்கு வைச்சிருந்த ஆக்கள் இருந்தவை. 1916ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கீழை வருசாவருசம் புதுப்பிக்கிற துவக்கு. அதிலை ஒருத்தன் பழைய ரிப்பீற்றர் ஒண்டை வாங்கிக்கொண்டு, முன்பிடியைப் பின்னாலை இழுக்கேலாமல் வேர்க்க விறுவிறுக்க என்னட்டை வந்தான். மாமரத்துக் கவரிலை சாத்தி வைச்சு உதைஞ்சும் பாத்தவனாம். நான் குழாயை ஆளில்லாப் பக்கம் திருப்பி வைச்சுக்கொண்டு, விசைக் காவலுக்குக் கிட்ட இருந்த சின்னத் தாழை அமத்தினன். சறுக்கிக்கொண்டு திறந்தது. குதிரை ஏறிக் கிடந்தால் அந்த வகைத் துவக்கு பூட்டிக்கொள்ளும், சுட்டால் திறக்கும், இல்லாட்டித் தாழை அமத்தினால் திறக்கும். அதின்ரை குணம் அது. திறந்தவுடனை உள்ளுக்குள்ளை இருந்து ஒரு தோட்டா துள்ளி நிலத்திலை விழுந்தது. உதைஞ்சவன் அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கதைக்கேல்லை.

கிழவன் துவக்கையும் தையலையும் போட்டுக் குழப்புறான் எண்டு நினையாதை. ரெமிங்டன் துவக்குச் செய்தவை தையல் மெசினும் செய்து பாத்தவை. சிங்கர்காரர் ரெண்டாம் உலகப்போர் நேரம் அமெரிக்க ராணுவத்துக்கு 500 கைத்துவக்குச் செய்து குடுத்தவை. அதிலை ஒண்டு இண்டைக்கு உன்ரை கையிலை அகப்பட்டால் இந்த வெள்ளவத்தையிலை சொந்தமாய் ஒரு வீட்டை வாங்கிப்போட்டு, லிப்டையும் திருத்தலாம்.

உன்ரை மெசினுக்கும் அப்பிடிச் சில குணம் இருக்கு. வலப்பக்கம், சில்லுக்குக் கிட்ட, பொபினுக்கு நூல் சுத்துற குட்டிக் கருவி ஒண்டு இருக்கு. அதின்ரை றபர் வளையம் சில்லிலை அமந்து கிடந்தால் சுத்த விடாமல் இழுக்கும். விலத்தி விடு. துணி இல்லாமல், துணியை அமத்துற காலை இறக்கி வைச்சிருந்தாலும், கீழை துணியைத் தள்ளுற பல்லு எழும்பேக்கை கையிலை பாரம் தெரியும். காலைத் தூக்கி வை. சில்லை எந்தப் பக்கம் சுத்துறாய் எண்டும் பார். மேல் விளிம்பு உன்ரை பக்கம் வர வேணும். எதிர்ப்பக்கம் சுத்தினால் நூல் போய்ச் சிக்கி, இல்லாத வருத்தத்தையும் உண்டாக்கிப் போடும்.

இதெல்லாம் பாத்தும் இறுக்கமெண்டால், வருத்தம் தலையிலையோ மெசின் நிக்கிற காலிலையோ எண்டு பிரிக்க வேணும். தோல் பெல்ட்டைச் சில்லிலை இருந்து கழட்டி விடு. இப்ப மேலை உள்ள சில்லை மட்டும் சுத்திப் பார். லேசாய்ச் சுத்தினால் தலை சுகம். கோளாறு கீழை, மிதிபலகையிலை, பெரிய சில்லிலை, ரெண்டையும் தொடுக்கிற தண்டிலை. இல்லாட்டிப் பெல்ட்டு. புதுத் தோல் இழுபடுமெண்டு நினைச்சுச் சிலர் கட்டையாய் வெட்டிக் கம்பி போட்டு விடுவினம். அது சில்லைப் பிடிச்சுக் கீழை இழுத்துக்கொண்டு நிக்கும். நடுவிலை விரலாலை அமத்தினால் கொஞ்சம் பணிய வேணும், பணியாத பெல்ட்டை மாத்து. இந்த ஒரு சோதினைக்கு ஒரு ஆயுதமும் தேவையில்லை, ஒரு நிமிசமும் பிடிக்காது. எண்டபடியால்தான் ஒருத்தரும் செய்யிறேல்லை.

பெல்ட்டு இல்லாமலும் இறுகுதோ? சில்லுக்கு நடுவிலை இன்னொரு குட்டிச் சில்லு இருக்கு. வெளிச்சில்லை ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு நடுவை உன்ரை பக்கமாய்த் திருப்பு, இளகும். இப்ப வெளிச்சில்லு ஊசியை ஆட்டாமல் தனிய ஓட வேணும். அதுவே ஓடாட்டிப் பிசின் சில்லுக்கும் தண்டுக்கும் நடுவிலைதான். கழட்டித் துடைச்சால் சரி. கழட்டேக்கை உள்ளை காது வைச்ச ஒரு வளையம் வரும், அது எந்த முகம் வெளியாலை இருந்தது எண்டு பாத்து வை. உன்ரை போனிலை படம் எடு, மனுசியைத்தான் எடுக்க வேணுமெண்டு சட்டமில்லை. வளையத்தைப் பிழையாய்ப் போட்டால் நடுச்சில்லை எவ்வளவு இறுக்கினாலும் ஊசி அசையாது. அப்ப பயப்படாமல் வளையத்தைக் கழட்டி அரைச் சுத்துத் திருப்பிப் போடு.

இனித்தான் டொக்டர் வேலை. ஊசியைக் கழட்டு. நடுச்சில்லை இறுக்கு. வெளிச்சில்லை மெல்ல ஒரு முழுச் சுத்துச் சுத்து. கையைக் கேள். இறுக்கம் சுத்து முழுக்க ஒரே சீராய் இருக்குதோ, ஒரு இடத்திலை மட்டும் முட்டுதோ? சீராய் இருந்தால் காய்ஞ்ச எண்ணெய், பழைய பிசின், வேறை ஒண்டுமில்லை. ஒவ்வொரு சுத்திலையும் அதே இடத்திலை முட்டினால் உள்ளை ஏதோ தடுக்குது. முட்டுற இடத்திலை நிப்பாட்டிப் பார், ஊசித்தண்டு எங்கை நிக்குது, பல்லு எங்கை நிக்குது எண்டு. பல்லு எழும்பிற நேரமெண்டால் பல்லுக்குக் கீழை குப்பை. ஊசித்தண்டு அடியிலை போய்த் திரும்பிற நேரமெண்டால், பொபினைச் சூழ இருக்கிற ஷட்டில். இதைக் குறடு சொல்லித் தராது.

ஷட்டில்தான் எண்டால், மெசின்ரை தலையைப் பின்னுக்குச் சரிச்சு வை. பொபின் கேசை அதின்ரை தாழைப் பிடிச்சு இழுத்து எடு. அதுக்குப் பின்னாலை ஷட்டிலைப் பிடிச்சுக்கொண்டு ஒரு வளையம், சிலதிலை ரெண்டு சின்னத் திருகாணி, சிலதிலை தாழ். கீழை ஒரு வெள்ளைச் சீலையை விரிச்சுப் போட்டுக் கழட்டு, விழுந்த திருகாணியை நாலாம் மாடியிலை தேடேலாது. ஷட்டிலை வெளியாலை எடுத்தவுடனை அது ஓடுற வட்டத் தடத்தைப் பார். அங்கை கிடக்கும் வருத்தம்: நெல்லு நீளத்திலை அறுந்த நூல், எண்ணெயிலை ஊறிக் கறுத்து, தடத்தோடை ஒட்டிக்கொண்டு. ஈர்க்காலை கிளறி எடு, இரும்பாலை சுரண்டாதை. தடத்திலை கீறு விழுந்தால் பேந்து காலம் முழுக்க நூல் அறுக்கும். எடுத்த நூலை எறியாமல் வெளிச்சத்திலை பிடிச்சுப் பார். வெள்ளை நூல் கூடவெண்டால் பள்ளிக்கூடச் சட்டை தைச்ச மெசின். கலர் கலராய் வந்தால் சாறி பிளவுஸ், கொட்டாஞ்சேனைக் கலியாண வீடுகள். தடிச்ச காக்கி நூல் வந்தால் கன்வஸ் பையைப் போட்டு வருத்தினவை, ஊசித்தண்டு நேராய் நிக்குதோ எண்டு ஒருக்கால் பார்.

ஊசித் தகட்டையும் கழட்டு. பல்லுகளுக்கு இடையிலை பஞ்சு அமந்து கம்பளித் துண்டாய்க் கட்டிப் போயிருக்கும். அதை ஊதாதை, ஊதினால் இன்னும் உள்ளை போகும். கிளறி எடு. சில்லுக்கும் உடம்புக்கும் நடுவிலை தண்டிலை சுத்திக்கொண்டு கிடக்கிற நூலையும் ஒருத்தரும் பாக்கிறேல்லை. பிளேட்டாலை வெட்டி உருவு.

ஆனால் உன்ரை மெசின் சுத்து முழுக்கச் சீராய்த்தான் இறுகுது, மாமி சொன்ன விதத்திலை விளங்குது. அப்ப எண்ணெய்க் கதைக்கு வருவம். 1970இலை இருந்து 77 வரைக்கும் இந்த நாட்டிலை இறக்குமதிக் கட்டுப்பாடு. சிறிமா அம்மா காலம். கடையிலை மெசின் எண்ணெய் இல்லாத நேரம் வீட்டுப் பொம்பிளையள் என்ன செய்யிறது? குசினியிலை இருந்த நல்லெண்ணெயை விட்டவை. நல்லெண்ணெய் தோசைக்கு நல்லது, தலைக்கு நல்லது, இரும்புக்குள்ளை கிடந்தால் காத்துப் பட்டு இறுகிப் பழுப்பு வாணிசாய்ப் போகும். அந்த எண்ணெயைப் பிழை சொல்லாதை. அந்த எண்ணெயிலை ஓடின மெசின்தான் கன பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்பினது. ஆனால் 77க்குப் பிறகு கடை நிறைய எல்லாச் சாமானும் வந்தும் பழக்கம் போகேல்லை. உனக்கு அந்தக் காலம் தெரியாது, பழக்கம் மட்டும் வந்திட்டுது. தேங்காயெண்ணெயை நுவரெலியாவுக்குக் கொண்டு போய்ப் பார், போத்திலுக்குள்ளையே உறைஞ்சு நிக்கும். அதை ஊசித்தண்டுக்கு விட்டவன் நீ.

இதுக்கு மருந்து அந்தக் கடைக்காரன்ரை மருந்துதான். அவன் பாதி வைத்தியம் செய்தவன், நீ முழுசாய்ச் செய். மண்ணெண்ணெய் வாங்கு, 2022இலை வரிசையிலை நிண்டதை நினைச்சுக்கொண்டு ஒவ்வொரு துளியாய்ப் பாவி. முதல்லை துளையளைத் தேடு. பழைய மெசினுக்குப் புது மெருகு காட்டவெண்டு கறுப்புப் பெயின்ற் அடிக்கிறவை, எண்ணெய்த் துளையையும் சேத்து மூடி விடுவினம். உன்ரை மெசினிலை பூ மங்கிக் கிடக்க உடம்பு மட்டும் பளபளவெண்டு இருந்தால் அதுதான் சங்கதி. ஊசி முனையாலை குத்தித் திற. மேலை, முகத் தகட்டுக்கு உள்ளை, தலையைச் சரிச்சால் அடியிலை, இரும்பு இரும்போடை உரசிற எல்லா இடத்துக்கும் ரெண்டு ரெண்டு துளி விட்டு இரவு முழுக்க விடு. காஸ் அடுப்புக்குக் கிட்ட வைச்சுச் செய்யாதை, சாமிப்பட விளக்குக்குக் கிட்டவும் வேண்டாம், ஜன்னலைத் திற. மோட்டர் பூட்டின மெசினெண்டால் மோட்டருக்குள்ளை ஒரு துளியும் போகக் கூடாது. தங்கப் பூவிலை தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் பூ அழிஞ்சு போகும். நீ வாங்கினதே அந்தப் பூவைத்தான்.

காலமை சில்லைப் பிடி. அசைஞ்சால் அசையிற அளவுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டு. அசையாட்டி இன்னும் ரெண்டு துளி விடு. பழுப்புத் தண்ணி வழியும். துடை. திரும்ப விடு, திரும்பத் துடை, தண்ணி வெள்ளையாய் வரும் வரைக்கும். கடைக்காரர் நிப்பாட்டுற இடம் இதுதான். நீ நிப்பாட்டாதை. மண்ணெண்ணெய் கழுவும், வழுக்காது. அது காய்ஞ்ச பிறகு, தையல் மெசின் எண்ணெய் எண்டு போட்டு விக்கிற வெள்ளை எண்ணெயை எல்லாத் துளைக்கும் விட்டு, துணி நூல் ஒண்டும் இல்லாமல் பத்து நிமிசம் ஓட்டு. கிறீசைத் துளைக்குள்ளை அடைஞ்சு போடாதை. நீ மெரின் டிரைவுக்குக் கிட்ட இருக்கிறாய், உப்புக் காத்து. ஓடாமல் கிடக்கிற மெசினிலை அந்தக் காத்துக்கு நல்ல விருப்பம். மூடி வைச்சாலும் மாதத்திலை ஒருக்கால் எண்ணெய் விட்டுச் சுத்து.

மெசினிலை உள்ள இலக்கத்தையும் வாசிச்சுப் பார். ஈ எழுத்திலை தொடங்கி ரெண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் இருந்தால் அது ஸ்கொட்லாந்திலை, கிளைட்பாங்க் தொழிற்சாலையிலை செய்தது. 15கே எண்டு இருந்தாலும் அதே இடம்தான். தொழிற்சாலை 1980இலை மூடிட்டுது. அதுக்கெண்டு கட்டின ரயில் ஸ்டேசன் மட்டும் சிங்கர் எண்ட பேரோடை இன்னும் இருக்கு. அந்த இரும்புக்கு உன்ரை குறடு ஒரு பொருட்டில்லை, பயப்படாதை. மெசின் உஷாவெண்டாலும் மனம் சோராதை. கல்கத்தாக்காரர் செய்தது, உள்ளை எல்லாம் அதே சங்கதி, நான் சொன்ன வைத்தியமும் அதேதான்.

நாளைக்குச் சில்லு சுத்தும். சுத்தினவுடனை புது ஊசி போட்டு, பழைய தலையணை உறையிலை ஒரு கோடு ஓட்டிப் பாப்பாய். துணிக்குக் கீழை நூல் குருவிக்கூடாய்ச் சுருண்டு நிக்கும். உடனை பொபினைப் பிழை சொல்லிக் கொண்டு கீழை எல்லாத்தையும் திரும்பக் கழட்டத் தொடங்குவாய். கழட்டாதை. கீழை சுருளுறது அநேகமாய் மேல் நூலாலை, மேலை உள்ள இறுக்கித் தட்டுகளுக்கு நடுவிலை நீ நூலை ஒழுங்காய்ப் போடேல்லை. காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு போட்டால்தான் தட்டு விரிஞ்சு நூல் உள்ளை போகும். அதுக்கும் சரி வராட்டி ஞாயிற்றுக்கிழமை என்னட்டை வா. வரேக்கை வெறுங்கையோடை வராதை. என்ரை ரெண்டு சாரம் மூட்டாமல் கிடக்கு, மாமி தையல் கடைக்காரனுக்குக் காசு குடுக்க மாட்டன் எண்டு நிக்கிறா, போகேக்கை அதுகளைக் கொண்டு போ.